சுஷ்மிதாவின் இனிஷியல்

நாற்பத்தைந்து நிமிடத்தில் இருபது போய்விட்டது. சுஷ்மிதாவைப் பற்றி இணையத்தில் ஒரு துரும்பும் கிடைக்கவில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது.

பள்ளிகளுக்கான சைபர் பாதுகாப்புப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பேர் சென்னைக்குப் போகலாம். இரண்டு இடம் முடிந்துவிட்டது. மூன்றாவது இடத்துக்கு நானும் அவளும்தான்.

கம்ப்யூட்டர் ஆசிரியர் ஞானதாஸ் சார் வைத்த தேர்வு எளிது. அவளைப் பற்றி நான் தேட வேண்டும், என்னைப் பற்றி அவள் தேட வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பக்கங்களில் மட்டும். யாரையும் தொடர்பு கொள்ளக் கூடாது. அதிகத் தகவல் எடுத்தவளுக்கு இடம்.

அவள் பன்னிரண்டே நிமிடத்தில் நான்கு எடுத்துவிட்டாள்.

அப்பாவின் ஆபீஸ் பஸ் அணுபுரத்தில் எந்த முனையில் நிற்கும். தம்பி எந்த வகுப்பு. அம்மாவின் தங்கை, என் சாச்சி, அவள் கல்யாண ரீல்ஸில் நான் ஆடிய ஆட்டம். எங்கள் வீட்டுப் பூனையின் பெயர். பூனையின் பெயருக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு பிறந்த வருடத்தைச் சேர்த்தால் என் பாஸ்வேர்ட். எப்படித்தான் கண்டுபிடித்தாளோ!

அதற்குப் பிறகு அவள் தேடவில்லை. இன்னும் பத்து எடுத்திருக்கலாம். பேனாவை மூடி வைத்துவிட்டு என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, இன்னும் தேடிகினே கீற?"

அந்தப் பேச்சும் எனக்குச் சந்தேகம்தான். ஜூனில் சேர்ந்தவள். நெம்மேலியில் வாடகை வீடு. அம்மாவுக்கு மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் வேலை. கடற்கரைக் குப்பத்துப் பேச்சை அங்கேயே பிறந்தவர்களைவிட அழுத்தமாகப் பேசுவாள், ஒப்பித்துப் பழகியவள் மாதிரி.

விளையாட்டு விழாவன்று அவளுக்குக் காய்ச்சல். ஆண்டு விழாவன்று வயிற்றுவலி. பள்ளியின் இணையப் பக்கத்தில் இருநூறு படம் இருக்கிறது, ஒன்றில்கூட அவள் இல்லை.

இந்தக் காலத்தில் ஒருத்தி இப்படி இருக்க முடியுமா? ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் மேசையில் இருந்த அனுமதிப் படிவம் கண்ணில் பட்டது. என்னைப் பற்றித் தேடச் சம்மதம் என்று இருவரும் கையெழுத்துப் போட்ட தாள். அவள் 'ர. சுஷ்மிதா' என்று போட்டிருந்தாள். அந்த 'ர'வுக்கு முன்னால் ஏதோ எழுதி அடித்திருந்தது.

சொந்த இனிஷியலை எழுதும்போது யாருக்காவது கை தடுமாறுமா?

தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடித்தலுக்கு அடியில் 'சி'.

சி. சுஷ்மிதா என்று தேடினேன். ஐந்தாறு பக்கம் தள்ளியதும் வந்துவிட்டாள். ரெட்டைப் பின்னல், இன்னும் ஒல்லியாக, ஆனால் அவளேதான்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன பயன். அப்பா பெயர் சின்னராசு, அம்மா பெயர் ரத்னா, விருதுநகர் பக்கம் ஊர், பழைய பள்ளி, பிறந்த தேதி. ஐந்து! சென்னைக்கு நான்தான்.

"சார்" என்று வாயெடுக்கும்போதுதான் படத்துக்கு மேலே இருந்ததைப் படித்தேன்.

'காணவில்லை. என் மனைவியும் மகளும். பார்த்தவர்கள் எனக்கு மட்டும் சொல்லவும். போலீசுக்குப் போக வேண்டாம்.'

எனக்கு மட்டும். அதை இரண்டாம் முறை படித்தேன்.

கீழே நகர்த்தினேன். மாதத்துக்கு ஒரு முறை அதே படத்தைப் போட்டிருந்தார். ஒரு மாதம் திருச்சி மக்கள் பகிரவும் என்று. பிறகு விழுப்புரம். கடைசியாகப் போட்டது போன செவ்வாய்க்கிழமை. செங்கல்பட்டு மாவட்டத்து மக்கள் பகிரவும் என்று இருந்தது. அது எங்கள் மாவட்டம்.

திரும்பிப் பார்த்தேன். சுஷ்மிதா என் திரையைப் படித்து முடித்திருந்தாள்.

அழவில்லை. கெஞ்சவும் இல்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பக்கத்தை மூடினேன். தேடியதற்கான தடத்தையும் அழித்தேன்.

ஞானதாஸ் சார் வந்து என் தாளைப் பார்த்தார். வெற்றுத்தாள்.

"ஒண்ணும் கிடைக்கல சார்."

நம்பாமல் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சுஷ்மிதாவின் தோளில் தட்டி, இடம் உனக்குத்தான் என்றார். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு நன்றியாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

சார் நகர்ந்ததும் அவள் என் பக்கம் குனிந்தாள்.

"எம்புட்டு நேரம் ஆச்சு உனக்கு?"

அந்த 'எம்புட்டு' எங்கள் பக்கத்துச் சொல் இல்லை.

எனக்குப் புரியவில்லை. இடம்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன கணக்கு என்று முறைத்தேன்.

"போட்டிக்கா வந்தேன்? தேடுனா அம்புடுவோமான்னு பாக்கத்தான் பேரு குடுத்தேன். சொல்லு."

கூட்டிச் சொல்லியிருக்கலாம். தற்செயலாகக் கிடைத்தது என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் அவளுக்குச் சரியாகத் தெரிந்தாக வேண்டும் என்று பட்டது.

"நாப்பது நிமிஷம்" என்றேன்.

தலையாட்டினாள். அனுமதிப் படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மணி அடிக்கும் முன்பே எழுந்து போனாள்.

திங்கட்கிழமை வருகை எடுக்கும்போது ஞானதாஸ் சார் அவள் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, எங்கே உன் சிநேகிதி என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

நல்ல வேளை, நிஜமாகவே தெரியாது.