பயணிகள்: இருவர்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பாய்ப்படகில் உல்லாசமாகச் சுற்றிவர, தூத்துக்குடி கடல்வாசலில் நாலு மணி நேரம் சோதனைக்கு நிற்க வேண்டும். படகின் அடிப்பலகை வரை தட்டிப் பார்ப்பார்கள். உலகநாதன் அத்தனை நேரமும் அதிகாரிகளைத் திட்டிக்கொண்டே நிற்பார்.

இந்த ஞாயிறு அவர் திட்டவில்லை. மனைவி பிரபாவதியின் மடியில், மண்கலயத்துக்குள் சாம்பலாக இருந்தார்.

வாசலில் இருந்த கருவி படகை முகர்ந்துவிட்டு, 'பயணிகள்: இருவர்' என்று காட்டியது. தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த எண் ஆறுதலாக இருந்தது. மறுக்காமல் கைரேகை வைத்தாள்.

அஸ்தியைக் கரைக்கும்போது, "ஞாயித்துக்கெழம தவறாம வந்துருவேன்" என்று அவரிடம் சொன்னாள். முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினாள். வாசல் கதவு திறக்கவில்லை.

"ஒரு ஆளு கொறையுதேம்மா" என்றார் அதிகாரி.

"அவிய தவறி மூணு நாளாச்சு சார். அஸ்தி கரைச்சிட்டு வாரேன்."

"எனக்குப் புரியுதும்மா. மிஷினுக்குப் புரியாதே. ரெண்டு பேருன்னு நீங்கதான ரேகை வச்சிருக்கீங்க? எல்லை தாண்டி ஓடிட்டாருன்னு இதுல ஒரு ரேகை வைங்க, கதவு தெறந்துரும்."

அவள் வைக்கவில்லை. ஈரப்புடவை உடம்பிலேயே காய்ந்தது. பொழுது சாய்ந்தபிறகு வைத்தாள்.

கதவு திறந்தது. திரையில் அவள் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்தது:

'தப்பியோடியவரின் மனைவி. ஆயுள் முழுவதும் கடலுக்குள் செல்ல அனுமதி இல்லை.'