இருபதுக்கு இருபது

விரலைக் குத்திக்கொண்டாள்.

இந்தத் தேர்வில் அவரவருக்கு அவரவரே நோயாளி. முதலாண்டு மருத்துவ மாணவியை நம்பி வேறு யார் விரலை நீட்டுவார்கள்?

துளி திரண்டது. குழலில் கோடு வரை உறிஞ்சினாள். குமிழி இல்லை. நுனியைப் பஞ்சால் துடைத்தாள். சோதனைக்குழாயிலிருந்த அமிலத்தில் மெல்ல விட்டாள்.

பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு இருபது மதிப்பெண். மற்ற எல்லாவற்றிலும் வகுப்பில் அவள்தான் முதல். இது ஒன்றுதான் ஆண்டு முழுவதும் அவளுக்குப் படியாத மாடு.

ஜூலையில் ஒன்பது வந்தது. சீனியர்கள் சிரித்தார்கள். இருக்க வேண்டியது பெண்ணென்றால் பன்னிரண்டரை, பையனென்றால் பதினான்கரை. ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கு, ரத்தத்தைக் கேட்டா எழுதுவார்கள்?

எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அவளும் எழுதினாள்.

ஆனால் உறுத்தியது. தன் கைதான் சரியில்லை என்று முடிவு கட்டினாள். பழகிச் சரிசெய்ய நேரம் வேண்டும். காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஏற்கெனவே உடற்கூறியல் படித்துக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொண்டாள்.

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். அவளுக்குப் பழகப் பழக அளவு இறங்கியது. டிசம்பரில் எட்டு. குளியலறையில் போய் அழுதாள்.

ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருந்தது. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவாள். கையில் புத்தகம் திறந்திருக்கும். நின்று படிக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். போகப்போக அவளும் அப்படியே நினைத்தாள்.

பத்து நிமிடம் ஆயிற்று.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். பக்கத்துக் கண்ணாடியின் பழுப்பு நிறம் வரும்வரை விட வேண்டும். எந்தக் கோட்டில் நிறம் ஒத்துப்போகிறதோ, அதுதான் அளவு.

ஏழில் ஒத்துப்போயிற்று.

பக்கத்து மேசையில் ரோஸ்லின். உதடு அசையாமல் பேசுவதில் கெட்டிக்காரி.

"பன்னெண்டரை வரைக்கும் தண்ணி ஊத்திருடி."

சொட்டுக்குழலை எடுத்தாள். யாரோ பின்னால் நிற்பது தெரிந்தது. தேர்வாளர். வெளியூர்க் கல்லூரிப் பேராசிரியை. காலையிலிருந்து இரண்டு பேரைத் திரும்பச் செய்ய வைத்தவர்.

போயிற்று. ஒரு வருட உழைப்பும் போயிற்று.

ஏழு என்று எழுதிக் கொடுத்தாள்.

அவர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார்.

"நீ விரலைக் குத்துனதுல இருந்து பாத்துட்டுதான் இருக்கேன். இந்த ஹால்ல ஒழுங்காச் செஞ்சது நீ ஒருத்திதான்."

இருபதுக்கு இருபது போட்டார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ரோஸ்லினைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருடமாகக் கையைத் திட்டியிருக்கிறாள். கையில் ஒரு குறையும் இல்லை.

கையில் குறை இல்லை.

சிரிப்பு பாதியில் நின்றது.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயமாக இருந்தது. மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லி அவள் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"மேடம், நான் எங்கயாவது தப்பு பண்ணிருப்பேன். இன்னொரு தடவ பாருங்க மேடம்."

தேர்வாளர் பேனாவை மூடினார். அடுத்த எண்ணைக் கூப்பிடவில்லை. மேசைக்கு அடியிலிருந்த ஸ்டூலை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.