முட்டை ஓடு

புகுந்த வீட்டில் முதல் நோன்பு மாசம். அதிலேயே ஷம்னா முட்டை திருட ஆரம்பித்துவிட்டாள்.

காலையில் சத்தம் காட்டாமல் அவித்து, முக்காட்டு நுனியில் முடிந்துகொள்வாள். மத்தியானம் தேங்காய் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று விழுங்குவாள். வீடே நோன்பு பிடித்திருக்க, மருமகள் மட்டும் ஒளிந்து தின்கிறாள். யாராவது பார்த்தால் என்ன ஆகும்!

இன்றைக்கு இன்னும் பயம். அவள் பிறந்த வீட்டார் நோன்பு திறக்க வருகிறார்கள். விருந்துக்கு ஒத்தாசை பண்ண நாத்தனார் ஸாபிரா காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

சமோசா மடிக்கும்போதே ஷம்னாவுக்குக் கை நடுங்கியது. குப்பென்று வேர்த்தது. கண் மங்கியது.

'யா ரப்பே, இங்கே மட்டும் விழுந்துடக் கூடாது!'

அவளுடைய மாமன் மகள் ஒருத்தி இப்படித்தான் கணவன் வீட்டில் மயங்கி விழுந்தாள். சீக்கை மறைத்துக் கட்டிவிட்டார்கள் என்று பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். இன்னும் கூப்பிடவில்லை. நோயாளி நோன்பை விட்டால் படைச்சவன் மன்னிப்பான். மாமியார் வீட்டுக்காரர்கள் மன்னிக்க வேண்டுமே!

"தண்ணிக் குடம் பாத்துட்டு வரேன் இத்தாத்தா" என்று எழுந்து போனாள். பாதி முட்டைகூட இறங்கவில்லை.

"ஓஹோ! இதான் குடமா?"

வாசலில் ஸாபிரா. ஷம்னாவின் காலடியில் முட்டை ஓடு.

"வந்து... இத்தாத்தா..."

"நோன்பு இல்லாத நாளுன்னு சொல்லாதே. அந்தச் சாக்கைப் போன வாரமே சொல்லிட்டே. உம்மா! இங்க வந்து இந்தக் கூத்தைப் பாருங்க!"

மாமியார் கதியக்குட்டி வந்தாள். திரூரில் அந்தத் தெருவே பயப்படும் பெண்மணி. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள். பிரசவத்தில் விட்டுப்போன நோன்பைக்கூடக் கணக்கு வைத்துப் பிடித்து முடித்தவள்.

ஓட்டைப் பார்த்தாள். மருமகளின் வெளுத்த முகத்தைப் பார்த்தாள்.

அவ்வளவுதான், இன்றைக்கே பெட்டி.

"அதுக்கு ஏன்டீ இந்தக் கத்து கத்துறே? நான் தின்னது அது."

"நீங்களா!" ஸாபிராவின் வாய் பிளந்தது.

"ஏன், எனக்கு வயிறு கிடையாதா? பிரஷர் ஏறிக் கிடக்கு. டாக்டர் நோன்பு வேணாம்னுட்டார். இவதான் அவிச்சுக் கொண்டுவந்து தர்றா."

"ஹஜ்ஜும்மா ஒளிஞ்சு திங்கிறதா? ஊரு சிரிக்கும் உம்மா!"

"நோன்பாளி மூஞ்சிக்கு முன்னாடி வெச்சுத் தின்னாத்தான் மரியாதைக் கேடு. நீ போய் சமோசாவைப் பாரு. ஷம்னா, இன்னொரு முட்டையும் கொஞ்சம் கடலையும் எடுத்துட்டு மாடிக்கு வா."

மாடியில் கதவைத் தாழ் போட்டதும் கதியக்குட்டி தட்டை மருமகள் மடியில் வைத்தாள்.

"தின்னு."

"உம்மா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டு முட்டை குறைஞ்சா எனக்குத் தெரியாதா? அன்னிக்கு கிளாஸைக் கீழ போட்டியே, அப்பவே சந்தேகம். நேத்து உன் புருஷன் முனீருக்குப் போன் போட்டு ஒரு அதட்டு அதட்டினேன். தோஹாவுல இருந்தே எல்லாத்தையும் கக்கிட்டான். டாக்டர் என்னதான் சொன்னார்?"

"சுகர் குறையுதோன்னு சந்தேகப்படுறார் உம்மா. வயித்தைக் காயப்போடக் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. முட்டை, கடலை, பயறு மாதிரி. வெறும் வயித்துல இனிப்பும் டீயும் கூடாதாம், சட்டுனு ஏறிச் சட்டுனு இறங்கிடுமாம். ராத்திரி நல்லாத் தூங்கணும். இந்த வருஷம் நோன்பு வேணாம், பெருநாள் முடிஞ்சு ரத்தம் பாத்துடலாம்னார்."

"அப்ப இன்னியிலருந்து ராத்திரி பாத்திரம் கழுவ நிக்காதே. ஏன் என்கிட்ட சொல்லலே?"

ஷம்னா தலையைக் குனிந்தாள். "பயமா இருந்துச்சு."

"என்னைப் பாத்தா?"

ஷம்னா முட்டையின் ஓட்டை உரிக்க ஆரம்பித்தாள்.

"பயப்படு. நல்லதுதான். ஆனா தின்னுட்டுப் பயப்படு."

அழுகையும் சிரிப்புமாக ஷம்னா முட்டையைப் பிட்டு நீட்டினாள். "உங்களுக்கும் உடம்பு சரியில்லையே. பாதி நீங்க தின்னுங்க உம்மா."

"எனக்கு முட்டை ஆகாது, நீ தின்னு" என்று கதியக்குட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் கூடம் நிறைய விருந்தாளிகள். அரிசிப் பத்திரியும் கறியும் ரவைத் தரிக்கஞ்சியும் மணத்தன. எல்லோர் கையிலும் பேரீச்சம்பழம். பாங்குக்காகக் காத்திருந்தார்கள். ஷம்னாவின் கையிலும் ஒன்று இருந்தது. நோன்பு பிடிக்காத கை. அது கூசியது.

"ஹஜ்ஜும்மா, நீங்களும் உக்காருங்க" என்றாள் ஷம்னாவின் தாய்.

"அவங்களுக்கென்ன அவசரம்?" ஸாபிரா விடவில்லை. "உம்மாவுக்கு மத்தியானமே முட்டையோட நோன்பு திறந்தாச்சு!"

கூடத்தில் சிரிப்பு. கதியக்குட்டியும் கூடச் சிரித்துவிட்டு, "நீங்க திறங்க, நான் கறியைப் பாக்கிறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

ஷம்னாவால் தாங்க முடியவில்லை. எனக்காக இத்தனை பேர் முன்னால் தலை குனிகிறாளே!

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவள் எழுந்து உள்ளே ஓடினாள். அடுப்படியில் யாரும் இல்லை.

தேங்காய் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

மத்தியானம் அவள் ஒளிந்து நின்ற அதே இடத்தில் கதியக்குட்டி நின்றிருந்தாள். உதடுகள் வறண்டு துஆவை முணுமுணுத்தன. கையில் ஒரேயொரு பேரீச்சம்பழம்.

யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து, அவள் நோன்பு திறந்துகொண்டிருந்தாள்.