கழுவிக் கொண்டுவந்த பாட்டில்

ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் திரை எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்கும்: "மருத்துவமனை தனியாருக்கு மாறியதில் உங்களுக்குத் திருப்தியா?" இல்லை என்பவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இருமிக்கொண்டே வந்த சுடலைமாடனும் 'திருப்தி'யை அழுத்திவிட்டுத்தான் மருந்து கவுண்டருக்கு வந்தார்.

வந்தவர் பழக்கதோஷத்தில் மஞ்சள் பைக்குள் கைவிட்டு, கழுவித் துடைத்த காலி பாட்டில் ஒன்றை நீட்டினார். "தாயி, இருமல் மருந்த இதுல ஊத்திக் குடு."

கவுண்டரில் மருந்து கொடுக்கும் மரகதவல்லிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இது அரசு ஆஸ்பத்திரியாக இருந்த காலத்தில், இதே ஜன்னலில் நின்று, பாட்டில் இல்லாமல் வந்தவர்களை அவள் திட்டாத திட்டில்லை. "மருந்தக் கையிலயா வாங்கிட்டுப் போவீங்க?" என்பாள். திட்டிவிட்டு, இருமும் பிள்ளைக்கு ஒரு மூடி கூடுதலாக ஊற்றுவாள். அந்தச் சிவப்பு மருந்தின் வாசனை வீட்டுக்குப் போனாலும் அவள் சேலையை விட்டுப் போகாது.

"இப்ப ஊத்துறதில்லங்கய்யா. மருந்துப் பட்டிய மணிக்கட்டுல ஒட்டிவிடுறதோட சரி."

சுடலைமாடன் பதறிப்போய் வாசல் திரையைத் திரும்பிப் பார்த்தார். "ஐயையோ, பழைய ஞாபகத்துல கேட்டுட்டேனே! என்னக் கடைசிக்குத் தள்ளிருமா?"

"அது இன்னும் பாக்கல. சட்டுனு இப்படிக் குடுங்க." பாட்டிலை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தாள்.

சாயங்காலம் அன்றைய மக்கள் கருத்து திரையில் வந்தது. திருப்தி, நூற்றுக்கு நூறு.

மரகதவல்லி குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் கால் வைக்க இடமில்லை. டானிக் பாட்டில், தேன் பாட்டில், ஊறுகாய் பாட்டில். ஒவ்வொன்றும் வீட்டிலேயே கழுவி, மூடி போட்டுக் கொண்டுவந்தது.