கூப்பிய கைக்குள் ஓர் ஆறு

கனடாவில், மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் மூன்று மணிக்கே வெயில் சாய்ந்து, சன்னலுக்கு வெளியே கிடக்கும் பனி மஞ்சளாகிறது. உள்ளே தொலைக்காட்சியில் ஆப்பிரிக்கா ஓடுகிறது. போன வாரம் ஆனந்தகிருஷ்ணனும் அவர் மனைவி வசுமதியும் போய்வந்த சோபே தேசியப் பூங்கா. செம்மண் கரை, அகன்ற ஆறு, நாணல் ஓரத்தில் அசையாத ஒரு கொக்கு. பக்கத்து வீட்டு யோகமலர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி பார்க்கிறார். “இப்பப் பாருங்க, யானைக் கூட்டம் ஆத்தைத் தாண்டப் போகுது” என்று ஆனந்தகிருஷ்ணன் சோபாவின் நுனிக்கு வருகிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய கேமராவில் சார்ஜ் தீர்ந்துவிட்டதால், படகிலிருந்து இதை எடுத்தது வசுமதியின் போன். புதரை விலக்கிக்கொண்டு முதல் யானையின் நெற்றி தெரிகிறது. உடனே படம் ஆடி, திரை முழுக்க இருட்டாகிறது. “ஐயோ, யானையைப் பார்த்ததும் கும்பிட்டுட்டேன். போன் கைக்குள்ளயே இருந்திருக்கு!” என்கிறார் வசுமதி. ஆனந்தகிருஷ்ணன் பெருமூச்சோடு ரிமோட்டைத் தேடுகிறார். “நிப்பாட்டாதேங்கோ அண்ணை” என்கிறார் யோகமலர். இருட்டுக்குள் ஆறு சலசலக்கிறது. கனத்த கால்கள் ஒவ்வொன்றாக நீரில் இறங்கும் ஓசை. ஒரு பிளிறல், அதன் பின்னாலேயே ஒரு குட்டியின் மெல்லிய அலறல். எல்லாவற்றுக்கும் அருகில், மூச்சோடு மூச்சாக, “பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா” என்று வசுமதியின் குரல். கறுத்த திரையில் மூவரின் முகங்களும் சன்னல் வெளிச்சமும் மங்கலாக மிதக்கின்றன. “குட்டி கரை ஏறிட்டுதோ?” என்று யோகமலர் மெதுவாகக் கேட்கிறார். “ஏறிடுச்சு மலர்” என்று வசுமதி திரும்பிப் பார்க்கிறார். யோகமலரின் தேநீர் முக்காலியில் ஆறிக்கொண்டிருக்கிறது. அவருடைய கைகள் இரண்டும் கூப்பியபடியே இருக்கின்றன.