இடது பட்டனில் தீக்குச்சி

இடது பட்டனின் ஓரத்தில் செருகியிருந்த தீக்குச்சியை நாணு இடுக்கியால் பிடித்து இழுத்தான். அமுங்கிக் கிடந்த பட்டன் டக்கென்று மேலே வந்தது.

"பார்த்தீங்களா சார்?"

பெங்களூர் அடுகோடிப் பட்டறையின் முதலாளி கோவிந்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் இறங்கும், கை உள்ளே மாட்டாது என்று நம்பித்தான் தொண்ணூற்றெட்டாம் வருஷத் தீபாவளிக்கு அந்தக் கன்ட்ரோல் பெட்டியை வாங்கிப் பொருத்தினார்.

போன வாரம் அதே மெஷின், அதை ஓட்டும் காந்தாவின் இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து பூட்டிக் கிடந்த ஷெட்டை இன்று காலை நாணுவுக்காகத்தான் திறந்துவிட்டார். பெட்டிக்குப் புரோகிராம் எழுதியவன் அவன். ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து சோதித்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டிருந்தான்.

"சீக்கிரம் முடியணும்னு ஒரு பட்டன்ல குச்சியைச் சொருகிட்டு, ஒத்தக் கையால ஓட்டியிருக்காங்க. எல்லாப் பட்டறையிலயும் நடக்கிறதுதான் சார்."

மர்பி டவுனிலிருந்து கட்டுப்போட்ட கையோடு வந்திருந்த காந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா சார் இது! சத்தியமா நான் குச்சி வெக்கல. தகட்டை உள்ள வெக்கறப்போ வலது முழங்கை பட்டன்ல பட்டுச்சு. அவ்ளோதான், எறங்கிடுச்சு!"

"இன்னொரு பட்டன் அமுங்கியிருந்தாத்தானேம்மா எறங்கும்?" என்றார் கோவிந்தப்பா. "ஏன் நாணு, புரோகிராம்ல ஏதாவது கோளாறா?"

நாணு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "பட்டனுக்கு ஒரு பிட் சார். இடதை அழுத்தினா ஒண்ணு, வலதுக்கு ரெண்டு, ரெண்டும் சேர்ந்தா மூணு. மூணோட 'அண்ட்' போட்டு, எது அமுங்கியிருக்குன்னு பார்க்கறேன். விடை பூஜ்யம்னா மெஷின் அசையவே அசையாது."

முதலாளிக்கு என்ன புரிந்ததோ, பெரிதாகத் தலையாட்டினார். மேஜைமேல் ஒரு தாள் தயாராக இருந்தது. தவறு என்னுடையது, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று தட்டச்சு செய்திருந்தார்கள். வீட்டில் சம்பாதிக்கிறவள் காந்தா ஒருத்திதான். மூன்று விரல் கைக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"கையெழுத்தைப் போடும்மா. போலீஸு கீலீஸுன்னு போகாம முடிச்சிக்கலாம்."

காந்தா பேனாவை வாங்கினாள். சட்டென்று அதை வீசிவிட்டு நேராக மெஷினிடம் போனாள். மெயின் ஸ்விட்சைப் போட்டாள்.

"சார், தடுங்க அவங்களை!" நாணுவின் குரல் கீச்சிட்டது. "மெஷினைத் தொடக் கூடாது! ஆபத்து!"

"பேடம்மா, பேடா!" வேண்டாம் என்று சொல்லப் பதற்றத்தில் முதலாளிக்குக் கன்னடம்தான் வந்தது.

அவள் கேட்டால்தானே! தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியை அச்சுக்கு நடுவில் வைத்தாள். கட்டுப்போட்ட இடது கையை எல்லோரும் பார்க்கும்படி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். வலது கையால் வலது பட்டனை மட்டும் ஓங்கி அழுத்தினாள்.

தடால்! மூடி அப்பளமாகிவிட்டது.

விடை மூன்றா என்று கேட்டிருக்க வேண்டிய புரோகிராம், பூஜ்யமா இல்லையா என்று மட்டும் கேட்டிருந்தது. ஒற்றைப் பட்டனும் பூஜ்யம் இல்லையே!

காந்தா நாணுவின் பக்கம் திரும்பினாள்.

"மெஷினுக்கு ஒரு பட்டனே போதும் சார். குச்சி யாருக்குத் தேவைப்பட்டுச்சு?"