மூன்று சொம்புத் தண்ணீர்

முதல் சொம்புத் தண்ணீருக்குக் கிடா அசையவில்லை.

பூசாரி சிவனணைந்தபெருமாள் இரண்டாவது சொம்பைக் கையில் வாங்கினார். உச்சி வெயிலில் கோயிலைச் சுற்றிய செம்மண் தேரி மேடு கொதித்தது. மேளக்காரர்கள் வேகம் கூட்டினார்கள்.

தலையில் மஞ்சள் தண்ணீர் விழுந்ததும் கிடா உடம்பை உலுக்க வேண்டும். உலுக்கினால் சுடலைமாடன் சம்மதித்துவிட்டான் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அரிவாள்.

உலுக்காதே, உலுக்காதே என்று சண்முகப்ரியா மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

வரும் வழியெல்லாம் அவள் முகம் வாடிக் கிடந்தது. ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டும்போது அப்பா தாணுலிங்கம் சிரிக்க வைத்துப் பார்த்தார். பலசரக்குக் கடைக்காரர் வீட்டிலேயே பொரிகடலை டப்பா வாரத்துக்கு ஒருமுறை காலியாகிவிடுகிறது என்பது அவருடைய பழைய கேலி.

"நம்ம வீட்டு எலிக்கு ரெட்டைச் சடை, தெரியுமா?"

"நான் எடுக்கலப்பா. சத்தியமா எடுக்கல."

அவர் நம்பியதே இல்லை.

இரண்டாவது சொம்பு கவிழ்ந்தது. காதோரம் தண்ணீர் வழிய, கிடா கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. போன ஐப்பசியில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். அப்போது அப்பா நேர்ந்துகொண்ட கிடா இது. அவள் உயிருக்குப் பதில் அதன் உயிர். அது பிழைத்துவிட்டால் காய்ச்சல் திரும்பி வருமோ?

கார்த்திகையில் வந்த நாளிலிருந்து கிடா தூத்துக்குடி வீட்டு மொட்டை மாடியில்தான் வளர்ந்தது.

"பேரு கீரு வைக்காத," என்று அம்மா செல்லக்கனி முதல் நாளே சொல்லிவிட்டாள். "வச்சா கூப்பிடத் தோணும்."

அம்மாவுக்கு அது 'அது'தான். அகத்திக்கீரையைக் கட்டோடு வீசிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் இறங்கி வந்துவிடுவாள்.

ஒருநாள் ஜெபசுதா டீச்சர் வளர்ப்புப் பிராணிகள் பாடம் நடத்தினார். நம் கையிலிருந்து தீனி தின்கிற உயிர் நம்மை நம்புகிறது, நம்பிய உயிரை ஏமாற்றக் கூடாது என்றார். யார் வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். நாய், பூனை, மீன், முயல் என்று கைகள் உயர்ந்தன. சண்முகப்ரியா கையைத் தூக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டாள்.

"நாம அதை ஏமாத்துதோமாம்மா?"

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை ஒரு நிமிடம் நின்றது.

"போயி வாய்ப்பாட்டப் படி."

ஆட்டைவிட அம்மாவுக்குச் சாமிதான் பெரிது என்று அன்றைக்குப் புரிந்துபோனது. அதன் பிறகு அம்மாவின் பக்தி இன்னும் கூடியது. சாமிக்கு விட்டது சுத்தமாக இருக்க வேண்டும் என்று, தினமும் காலையில் மாடிக்குப் போய் ஆட்டைக் குளிப்பாட்ட ஆரம்பித்தாள். உண்ணி பிடிக்காமலிருக்க மஞ்சள் தண்ணீர். கூடவே செல்போனில் கோயில் கொடைவிழா மேளம். அந்த நேரத்தில் மகளை மட்டும் மாடிப்படி ஏற விடமாட்டாள்.

முதல் மாதம் அம்மா தொப்பலாக நனைந்து இறங்குவாள். போகப் போகச் சேலையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

மூன்றாவது சொம்பு. இதுதான் கடைசி.

பூசாரி மாலையை நகர்த்திவிட்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் ஊற்றினார். கிடா கல் மாதிரி நின்றது.

மேளம் தானாகவே ஓய்ந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சங்கரம்மாள் அத்தை வந்து சண்முகப்ரியாவின் தோளைப் பிடித்தாள்.

"ஏளா, நீ ஏதும் செஞ்சியா? நேந்தது தவறிச்சின்னா குடும்பத்துக்கு ஆகாது."

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அம்மாவைத் தேடினாள். அம்மா சற்றுத் தள்ளி, கண்ணை இறுக மூடிக் கும்பிட்டபடி நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பூசாரி கிடாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருநீற்றை எடுத்து அப்பாவின் நெற்றியில் பூசினார்.

"ஏலே தாணு, மாடன் வேண்டாங்கான். பிள்ளையக் காப்பாத்தினதோட சரிங்கான். பொங்கல வச்சிட்டு, இதை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சண்முகப்ரியாவுக்குக் காய்ச்சல் பயம் விட்டுப்போனது. சாமியே சொல்லிவிட்டான்.

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அவள் மண்டியிட்டுக் கையை விரித்தாள். கிடா அவளைப் பார்த்துத்தான் வந்தது. வந்து, அவளைக் கடந்து போனது.

போய், அம்மாவின் முந்தானை முடிச்சை மூக்கால் முட்டியது.

அம்மா கண்ணைத் திறக்காமலே முழங்கையால் தள்ளிவிட்டாள். அது மறுபடி முட்டியது. மூன்றாவது முட்டலில் முடிச்சு நெகிழ்ந்தது. ஒரு பிடி பொரிகடலை செம்மண்ணில் சிதறியது.

அம்மா கண்ணைத் திறந்தாள். எதிரே மகள்.

"கீழ என்னளா அது?" அத்தை கிட்டே வந்தாள்.

சண்முகப்ரியா குறுக்கே பாய்ந்து, பாவாடையை விரித்து உட்கார்ந்தாள். பொரிகடலையைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கிடா தின்ன ஆரம்பித்தது.

"என்னோடது அத்தை," என்றாள். "டப்பாவுல இருந்து நான்தான் தினமும் எடுப்பேன்."